உம்… என்றால் ஒரு நோய், உஸ்… என்றால் வேறு நோய்

மைக் செட் வைத்த கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இரண்டு இரைச்சல்கள் தெரிந்திருக்கும். ஒன்று, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ‘உம்…’ என்ற உறுமல். இன்னொன்று, மழைத் தூறல் மாதிரி ‘உஸ்…’ என்ற சீறல். இரண்டையும் சேர்த்து ‘நாய்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா. தண்டராம்பட்டு பக்கம் வாழ்க்கைப்பட்டு, வயலில் இறங்கி நடவு நட்டவர். வயது 84. நடவுப் பாட்டுகள் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். குரல்தான் நூலாக இளைத்துவிட்டது. பேரன் செல்போனில் பதிவு செய்து பார்த்தான். பேச்சைத் தெளிவாக்குவதற்காக இரைச்சலை வடிகட்டும் ஏற்பாடு போனிலேயே இருக்கிறது. அக்கா ஒவ்வொரு அடியின் கடைசியிலும் மெல்ல இழுத்து முடிப்பார். அந்த இழுப்பையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு போன் அழித்துவிட்டது. பாட்டு வெட்டி வெட்டி ஒலித்தது.

பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை, சும்மா இருப்பானா? பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வந்த சர்க்யூட்டை வைத்து மைக் பிரீஆம்ப் ஒன்று கட்டி, திருவண்ணாமலையில் என் வீட்டுக்கு எடுத்து வந்தான். “தாத்தா, பாட்டி குரலை விட இரைச்சல்தான் பெரிசா கேக்குது” என்றான். டெலிபோன் வேலையில் முடி நரைத்தவன் நான். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

முதலில் கணக்கைச் சொன்னேன். மெல்லிய குரலுக்கு டைனமிக் மைக் கொடுப்பது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் பதிவு செய்ய முடியும். உள்ளே நுழைகிற குப்பையும் அதே ஆயிரம் மடங்கு பெருகும். அதனால் வாசலிலேயே மடக்க வேண்டும்.

மைக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 200 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினோம். உறுமல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அப்படியானால் பாதி ஒயரில், பாதி பெட்டிக்குள். பெட்டியில் டிரான்ஸ்பார்மர் இருந்தது. நம் கரண்ட் வினாடிக்கு 50 சுழற்சி. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் பக்கத்தில் ஓடும் ஒயரில் அதே 50-ஐ ஏற்றிவிடும். டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட்டோம். லேப்டாப்பையும் சார்ஜரிலிருந்து கழற்றினோம். பெட்டிக்குள் இருந்த உறுமல் போயே போய்விட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உறுமலை நிறுத்த மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. அந்த வேலை மட்டும் வேண்டாம்.

மீதி ஒயரில். மைக் சமிக்ஞை ஒரு நடுக்கம்பியிலும் சுற்றியிருக்கும் ஷீல்டிலுமாக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, முறுக்கிய இரட்டைக் கம்பியும் மேலே ஷீல்டும் உள்ள ஒயர் போட்டோம். டெலிபோன்காரனுக்கு இது பால பாடம். கம்பிகள் முறுக்கி இருந்தால் வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டிலும் சமமாக ஏறி, ஒன்றை ஒன்று கழித்துவிடும். கிரகாம் பெல் 1881-லேயே இதற்குப் பேடன்ட் வாங்கிவிட்டார். செல்போன்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினோம், ‘டிட்டிடி’ என்ற சத்தமும் நின்றது.

அடுத்தது சீறல். இது வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளேயே பிறக்கிறது. எந்த ரெசிஸ்டரிலும் சூட்டினால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கும். 1928-ல் ஜான்சன் இதை அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்கு எழுதினார். மைக்கின் 200 ஓமில் மட்டும், நாம் கேட்கிற அலைவரிசை முழுவதற்கும், சுமார் கால் மைக்ரோவோல்ட் பிறக்கிறது. அந்த சர்க்யூட்டில் வாசலிலேயே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. அது மட்டும் ஏழு மடங்கு இரைச்சல். போதாததற்கு 741 ஐசி வேறு. ஐசியை 5534 ஆக மாற்றி, மைக்கின் சமிக்ஞை நேராக அதற்குள் போகும்படி செய்து, கெயின் அமைக்கும் சிறிய ரெசிஸ்டரை 100 ஓமுக்குக் குறைத்தோம். பெருக்கத்தில் பெரும்பகுதியை முதல் கட்டத்திலேயே எடுத்துக்கொண்டோம். சீறல் நன்றாக அடங்கியது. முழுவதும் போகவில்லை, போகவும் போகாது. மைக்கின் கால் மைக்ரோவோல்ட்டை யாராலும் துடைக்க முடியாது.

பேரனுக்கு அது குறைதான். “இன்னும் கொஞ்சம் பாக்கலாம் தாத்தா” என்றான். “பெட்டி காத்திருக்கும்டா, பாட்டி குரல் காத்திருக்குமா?” என்றேன். மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய், ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்தோம். பதினொரு பாட்டுகள். கடைசி இழுப்பும் மூச்சு வாங்குவதும் அப்படியே விழுந்திருக்கின்றன. அடியில் லேசாக ஒரு ‘உஸ்’. இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். தாலாட்டோ கும்மியோ எதுவானாலும் சீக்கிரம் பதிவு செய்யுங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பௌர்ணமி அன்று வேண்டாம். கிரிவலக் கூட்டத்தின் சத்தத்தை நிறுத்த எந்த சர்க்யூட்டும் கிடையாது.