வாங்காத சாமான்கள்

கூடத்து சீலிங்கில் கொக்கி ஒன்றுதான் இருக்கிறது. மகள் பிறந்தபோது போட்டது. அப்பா அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார். மூன்றடி தள்ளி நின்று மறுபடி பார்க்கிறார். அங்கே ஒன்றும் இல்லை.

டிரில்லிங் மெஷினோடு பையன் வந்து நிற்கிறான். பாட்டி திண்ணையிலிருந்து எழுந்து வருகிறாள்.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்ல ஆணி அடிக்கக் கூடாது."

"ஆணி இல்ல பாட்டி, டிரில்லு."

பாட்டி பதில் சொல்லவில்லை. நிலைப்படியை விட்டு நகரவும் இல்லை. பையன் மோர் குடிக்கிறான். மெஷினைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போகிறான்.

தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ் வந்து திரும்புகிற ஊர். சித்திரை வெயில். மின்விசிறிக்குக் கீழே மகள் இடப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். முதுகுக்கு ஒரு தலையணை, வயிற்றுக்கு ஒன்று, காலுக்கு இரண்டு. வீட்டில் மற்றவர்கள் தலையணை இல்லாமல் தூங்குகிறார்கள்.

ஃபிரிட்ஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார் நகல், பாஸ்புக் நகல். அட்டையின் மேல் மூலையில் 12 இலக்க பிக்மி எண். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. வரப்போகிறவர்கள் இரண்டு பேர். எண் ஒன்றுதான், அம்மாவுடையது. பக்கத்தில் சிவப்பு மையில் 'ட்வின்ஸ்'. அதற்குக் கீழே 'ஹை ரிஸ்க்'. வருகிறவர்களிடம் அப்பா அட்டையை எடுத்துக் காட்டுகிறார். இரண்டாவது வரி கட்டைவிரலுக்கு அடியில் போய்விடுகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் குழந்தைகளுக்குப் பெயர் ஏ, பி. 34 வாரத்தில் ஏ 2.1 கிலோ, பி 1.9 கிலோ. அன்றிலிருந்து பி-யின் பேரைச் சொல்லி மகளின் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுகிறது. அரசாங்கத்து நெய். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பெட்டகத்தில், பேரீச்சம்பழத்தோடும் சத்துமாவோடும் வந்தது.

எதிர்வீட்டு அத்தை படியேறி வருகிறாள். முதல் கேள்வி ரெட்டை வாழைப்பழத்தைப் பற்றி. எப்போது தின்றாள், எத்தனை தின்றாள். இரண்டாவது கேள்வி: "ரெண்டுக்கும் பால் பத்துமா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பூண்டு, பால்சுறா, கருவாடு என்று விரல் விட்டு எண்ணுகிறாள். மகள் மீன் வாசனையை நினைத்து முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறாள்.

மதியம் சுகாதார நர்ஸம்மா ஸ்கூட்டியில் வருகிறார். பி.பி. பார்க்கிறார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்துகிறார். குழி விழுந்து மெல்ல மேலே வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் காலியான குமிழ்களை எண்ணுகிறார்.

"குடும்பத்துல யாருக்காச்சும் ரெட்டை உண்டா?"

"எனக்குக் கூடப் பொறந்தவ ஒருத்தி இருந்தா" என்கிறாள் பாட்டி.

"இப்ப எங்க இருக்காங்க?"

பாட்டி முறத்தை மடியில் இழுத்து வைத்துப் புடைக்கத் தொடங்குகிறாள். அரிசி ஏற்கனவே புடைத்ததுதான்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டி எதுவும் வாங்கக் கூடாது. இது பாட்டியின் சட்டம். இரவல் வாங்கலாம். அதனால் இரும்புக்குழாய்த் தொட்டில் ஸ்டாண்ட் ஒன்று மேலத்தெருவிலிருந்து இரவலாக வருகிறது. கொசுவலைக் குடை இரண்டு, இரண்டு வீட்டிலிருந்து. ஒன்றில் யானைப் படம், ஒன்றில் மீன். வசம்பு வாங்கலாம், அது மருந்து. பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கலாம், அது தாய்க்கு.

மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைச் சட்டைகளில் தையல் பிசகியதைப் பொறுக்கி எடுப்பது வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஒரு பெரிய பையோடு வந்து இறங்குகிறான். பாட்டி பையைப் பார்க்கிறாள். அவன் பையைப் பின்னால் வைக்கிறான். பை நேராகப் பரணுக்குப் போகிறது. பிரிக்கவில்லை. பிரிக்காதவரை வாங்கியதாகாது என்று தீர்ப்பாகிறது. மகள் மட்டும் படுத்தபடி பரணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையின் வாயில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் கை தொங்குகிறது.

அவனுக்குத் தாடி வளர்ந்திருக்கிறது. பிரசவம் முடியும்வரை கத்தி படக் கூடாது. கோயிலில் தேங்காயை மாமனார்தான் உடைக்கிறார். அவன் பக்கத்தில் கைகட்டி நிற்கிறான்.

கூடத்தில் துணி கிழியும் சத்தம். அம்மா வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடிக்கிறாள். இரண்டு கையாலும் இழுக்கிறாள். சர்ரென்று கடைசிவரை போகிறது. துண்டுகளைக் கொதிநீரில் போட்டு, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, நான்காக மடித்து அடுக்குகிறாள். இரண்டு அடுக்கு. ஒன்று அரை விரல் உயரமாகத் தெரிகிறது. மேலிருந்து ஒரு துண்டை எடுத்து மற்றதில் வைக்கிறாள். இப்போது அது உயரம். திரும்ப எடுக்கிறாள். கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். அந்தத் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொள்கிறாள்.

பழைய வேட்டிகள் தீர்ந்துவிட்டன. நேற்று வரை கட்டிய வேட்டியையும் கொடியில் காணோம். அப்பா லுங்கியோடு பேப்பர் படிக்கிறார்.

வளைகாப்பு ஏழாம் மாதமே முடிந்துவிட்டது. ரெட்டைக்கு ஒன்பதாம் மாதத்தை நம்ப முடியாது. புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம். அதற்கு அடுத்த வாரமே ராத்திரியில் வலி. 108 வந்தது. நுரையீரல் முதிர்வதற்கு நான்கு ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்று. வலி நின்றது. வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலோரம் வைத்த ஆஸ்பத்திரிப் பையை அதற்கப்புறம் யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. 108 என்ற எண்ணை அப்பா காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார், மறந்துபோகக்கூடிய எண் போல.

கண்ணாடி வளையல்கள் இப்போது வீங்கிய மணிக்கட்டில் அசையாமல் நிற்கின்றன. மெட்டியைத் தேங்காய் எண்ணெய் போட்டுக் கழற்றியாகிவிட்டது.

திங்கட்கிழமை செக்கப். நீள பெஞ்சு, வரிசையாக வயிறுகள். நர்ஸ் வயிற்றில் ஜெல் தடவி டாப்ளரை வைக்கிறார். இடப் பக்கம் உடனே கிடைக்கிறது. 142. வலப் பக்கம் நகர்த்துகிறார். கரகரவென்று சத்தம். தொப்புளுக்கு மேலே. விலாவுக்குக் கீழே. மெதுவாக ஒரு துடிப்பு கேட்கிறது. நர்ஸ் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார்.

"இது உன்னோடது."

மறுபடி ஜெல். பெஞ்சில் பேச்சு நின்றுபோகிறது. யாரோ குழந்தையின் கையிலிருந்து பிஸ்கெட் கவரை வாங்கி வைக்கிறார்கள். சத்தம் வருகிறது, வேகமாக. 151. பெஞ்சில் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

ரத்தத்துக்கு ஆள் சொல்லி வைக்கச் சொல்கிறார்கள். மருமகன் போனில் இரண்டு நண்பர்களைப் பிடிக்கிறான். ஓ பாசிட்டிவ். ஒருவன் மூன்று மாதத்துக்குள் கொடுத்தவன். இன்னொருவனைத் தேடுகிறான்.

ஸ்கேன் அறை வாசலில் பலகை: கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் அப்பாவின் டைரியில் பெயர்கள் மூன்று பத்தியாக இருக்கின்றன. ஆண்-ஆண், பெண்-பெண், ஆண்-பெண். எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. மகள் வாங்கிப் படிக்கிறாள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெயரை அடிக்கிறாள். டைரியைத் திருப்பிக் கொடுக்கிறாள். அப்பா இந்த முறை பென்சிலை எடுக்கிறார்.

வியாழக்கிழமை 37 வாரம் முடிகிறது. அன்று வந்து சேரச் சொல்லி அட்டையில் எழுதியிருக்கிறது. அப்பா தினசரிக் காலண்டரைப் பார்க்கிறார். ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று. எமகண்டம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஆட்டோவுக்கு ஏழே முக்காலுக்குச் சொல்லியாகிவிட்டது.