கியர்பொக்ஸ் ஒயிலும் ஒரு சின்னக் கொப்பியும்

சமையலறையையும் ஊரையும் விட்டால் எனக்கு எழுத வேறு விசயமே இல்லை என்று மனிசி சொல்லுவா. அதனால் இந்த முறை மோட்டார் சைக்கிள். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். அலுப்படித்தால் நடுவில் வருகிற யாழ்ப்பாணக் கதைக்குத் தாவி விடுங்கள்.

மகனுக்குப் பதினைந்து வயது. எங்கட ஆக்களின் பிள்ளைகள் எல்லாம் உதைபந்து, கராத்தே, மிருதங்கம் என்று போக, இவன் பிடித்தது ட்ரையல். இது வேகப் போட்டி இல்லை. பாறை, மரக்குற்றி, சேற்று ஏற்றம் எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தரம் கால் வைத்தால் 1 புள்ளி, இரண்டு தரம் என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தரம் என்றாலும் 3, விழுந்தால் 5. குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெல்வார். நின்றுகொண்டே ஓடுவதால் சைக்கிளில் சீற் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 1965 இல் சமி மில்லர் என்பவர் ஸ்பெயின் நாட்டு புல்ராக்கோவில் ஸ்கொட்லாந்து ஆறுநாள் போட்டியை வென்ற பிறகு, பாரமான பிரித்தானிய சைக்கிள்களின் காலம் முடிந்து இந்த இலேசான இரண்டு ஸ்ரோக் சைக்கிள்களின் காலம் வந்தது.

ஜேர்மனியில் நினைத்த காட்டுக்குள் ஓடித் திரிய முடியாது. கழகம் அனுமதி எடுத்து வைத்திருக்கிற நிலத்தில்தான் ஓடலாம். டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே ஓடன்வால்ட் மலைகள் தொடங்குகிற பக்கத்தில் ஒரு பழைய கல்லுடைக்கிற குழி. ஞாயிறு காலையில் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, மத்தியானம் ரெஸ்ரோறண்ட் வேலைக்கு நான் ஓடி வர வேண்டும்.

சைக்கிளை இரண்டு வருடத்துக்கு முதல் 1900 யூரோவுக்குப் பழசாக வாங்கினோம். பகுதி நேரமாகக் கோப்பை கழுவின காசும் அதற்குள் இருக்கிறது.

இந்த இரண்டு ஸ்ரோக் இயந்திரத்தில் பிஸ்ரனுக்கான ஒயில் பெற்றோலோடு கலந்தே போய்விடும். கியர்பொக்ஸுக்கு வேறாக ஒரு ஒயில். கிளச்சும் அதே ஒயிலுக்குள்தான் இருக்கிறது. எங்கட சைக்கிளுக்கு 450 மில்லிலீற்றர், இரண்டு தேத்தண்ணிக் கோப்பை அளவு. ட்ரையலில் கிளச்சை ஒரு விரலால் நாள் முழுக்க அரையாகப் பிடித்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். அதன் தூளும் சூடும் அந்த இரண்டு கோப்பைக்குள்தான் போகிறது. அதை வடிக்கிறதுக்கு ஒயில் பில்ரரும் கிடையாது. வடிகால் ஸ்குறூவில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அளவு பார்க்கிற விதம் சைக்கிளுக்குச் சைக்கிள் வித்தியாசம். சிலதில் கிளச் மூடியில் ஒரு வட்டக் கண்ணாடி, சிலதில் மட்ட ஸ்குறூ. சிலதில் ஒன்றுமே இல்லை, முழுவதையும் வடித்து அளந்து விட வேண்டியதுதான். எது என்றாலும் முதலில் இயந்திரத்தை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு சைக்கிளை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பக்கத் தாங்கியில் சாய்த்து வைத்துப் பார்த்தால் பொய் அளவுதான் காட்டும். கூட விட்டால் கிளச் இழுபடும், காற்றுக் குழாயால் வெளியே துப்பும். கார் ஒயில் மலிவாகக் கிடக்கிறதே என்று எடுத்து விடக் கூடாது. உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்த ஒயில் என்றால் கிளச் வழுக்கத் தொடங்கும். வடிகால் ஸ்குறூவின் வாசரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அலுமினியப் பெட்டி என்பதால் பலத்தைக் காட்டி இறுக்க வேண்டாம், புரி கழன்றுவிடும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது புத்தகத்தில் பெரிதாக இல்லாத ஒன்றை.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் பத்து வயது. பெற்றோல் இல்லை. எங்கட ஒழுங்கை முடக்கில் கராஜ் வைத்திருந்த அண்ணையிடம் வருகிற எம்.டி. 90 எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சூப்பியால் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அது நாலு ஸ்ரோக். இயந்திரம், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஒயில். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி அந்த ஒயிலோடு சேரும். அண்ணை அளவுக் கோலைத் துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுத்து, முதலில் மணந்து பார்ப்பார். பிறகுதான் கோட்டைப் பார்ப்பார்.

"ஒயில் கூடியிருக்கு எண்டால் சந்தோசப்படாதை தம்பி. குறைஞ்சால் எங்கயோ போகுது. கூடினால் எங்கயோ இருந்து வருகுது. ரெண்டும் வருத்தம்தான்."

ஒயிலும் தட்டுப்பாடு. வடித்ததைத் துணியில் அரித்துத் திரும்ப விடுவதையும் கண்டிருக்கிறேன். அப்போதும் அவர் ஒரு போத்தலில் கோடு போட்டு, எவ்வளவு வந்தது, எவ்வளவு விட்டது என்று சுவரில் கரியால் எழுதி வைப்பார். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு அந்தச் சுவரும் கணக்கும் போய்விட்டன.

அந்தப் பழக்கத்தில்தான் மகனின் சைக்கிளுக்கும் ஒரு கொப்பி போட்டேன். திகதி, ஓடின மணித்தியாலம், விட்டது, வந்தது, நிறம். நிறம் பார்க்க எனக்கு ஆர் சொல்லித் தர வேண்டும்? பொரிக்கிற எண்ணெயைத் தினமும் பார்க்கிறவன். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர்ப் பம்பின் சீல் போய்விட்டது, குளிர்நீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அப்போது அளவு கூடும்.

எங்களுக்கு வந்தது மற்ற வருத்தம். போன வருடம் சைக்கிள் நீல வெள்ளைப் புகை தள்ளத் தொடங்கியது. பிளக் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டு போனோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இயந்திரம் முடிந்துவிட்டது, முழுதாகப் பிரித்துச் செய்ய சைக்கிளின் விலையை விடக் கூட வரும் என்றார்கள். ஒயில் கணக்கைச் சொல்ல வாய் திறந்தேன். என் டொச்சையும் கை நகத்துக்குள் இருந்த கறித்தூள் மஞ்சளையும் பார்த்தவர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். மகன் பக்கத்தில் நின்றான். திரும்பி வரும்போது வானில் அவன் ஒன்றும் பேசவில்லை. விற்றுவிடலாம் அப்பா என்று மட்டும் வீட்டு வாசலில் சொன்னான்.

இரவு கொப்பியை எடுத்துக் காட்டினேன். விட்டது 450, வந்தது 430. அடுத்த முறை 450, 390. கடைசியாக எட்டு மணித்தியாலம் ஓடி 310. நிலத்தில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அப்போ 140 மில்லிலீற்றர் எங்கே போனது? கிளச் பக்கத்துக் கிராங் சீல் தேய்ந்தால், பிஸ்ரன் மேலே போகிற ஒவ்வொரு முறையும் கியர்பொக்ஸ் ஒயிலை உறிஞ்சி இயந்திரம் எரித்துவிடும். மற்றப் பக்கத்துச் சீல் போனால் காற்றைத்தான் இழுக்கும், ஒயில் குறையாது. ஆக, பிஸ்ரனும் சிலிண்டரும் குற்றவாளிகள் என்று முடிவு கட்டுவதற்கு முதல் இந்தச் சீலைப் பார்க்க வேண்டும்.

எங்கட ரெஸ்ரோறண்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற ஒருவர் இங்கேயுள்ள ஐரோப்பிய விண்வெளிக் கட்டுப்பாட்டு நிலையத்தில் வேலை செய்கிறவர். 1967 இலிருந்து டார்ம்ஸ்டாட்டில் இயங்குகிற நிலையம். செய்மதியின் தாங்கிக்குள் எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று எட்டிப் பார்க்க ஏலாது, அதனால் உந்தியை எத்தனை தரம், எவ்வளவு நேரம் இயக்கினோம் என்று எழுதிக் கழித்துக்கொண்டே வருவது ஒரு முறை என்று அவர் ஒருநாள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரிக்கோடு போட்ட சுவர்தான்!

கழகத்தில் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் இருக்கிறார். கொப்பியை அவரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு வரி வரியாக வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் கிளச் கழற்றுகிற ஆயுதத்தை எடுத்து வந்தார். எங்கட மொடலில் அந்தச் சீலைப் பெட்டியைப் பிளக்காமல் கிளச் பக்கமாகவே மாற்றலாம். பழைய சீலின் உதடு ஓட்டு பிஸ்கற் மாதிரிக் காய்ந்து வெடித்திருந்தது. சீல், மூடிக்கான கஸ்கற், புது ஒயில் எல்லாமாக நாற்பது யூரோவுக்குள். ஒரு பின்னேரம்.

"அப்பா, இது யுனிவேர்சிற்றியில படிச்சதோ?" என்று மகன் கேட்டான்.

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டின பிறகு படிப்பு இல்லை, உயிர்தான் யோசனை. அவனுக்கு அது தெரியும். ஒழுங்கை முடக்கில் பார்த்தது என்றேன். அந்த அண்ணை எட்டாம் வகுப்பு. எங்களில் எத்தனையோ பேர் இங்கே பத்திரம் காட்ட முடியாத அறிவோடு கோப்பை கழுவுகிறோம். அந்த அறிவுக்கு ஆரும் முத்திரை குத்தித் தர மாட்டார்கள். ஆனால் எழுதி வைத்த கணக்கை மேசையில் வைத்தால், கேட்க மனமுள்ளவர் ஒருவராவது வாசிப்பார்.

வடித்த ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். வாங்கின பற்றுச்சீட்டைக் காட்டினால், வாங்கின அளவுக்குப் பழைய ஒயிலை விற்ற கடையே காசில்லாமல் திருப்பி எடுக்க வேண்டும். இங்கே சட்டம் அப்படி.

கொப்பி இப்போது மகனிடம். டொச்சில்தான் எழுதுகிறான், கடைசி நிரலின் தலைப்பு மட்டும் தமிழில்: "கூட / குறைய". போன சனிக்கிழமை விட்டது 450, வந்தது 445. அந்த ஐந்து எங்கே என்று கேட்டான். வடித்த சட்டியில் ஒட்டிக்கொண்டு கிடந்ததைக் காட்டினேன். அதையும் எழுதி வைத்தான்.