ஞாயித்துக்கிழமை கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். ஞாயித்துக்கிழமை பிரியாணி, துணி துவைக்கிறது, தூக்கம். திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்களோட டைம்டேபிள் இவ்வளவுதான்னு நினைக்கிறீங்களா? ஒரு ஞாயிறு என்கூட வாங்க!

தகர ஷெட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் ஓவர்லாக் டெய்லர் அண்ணன் ஒருத்தர் எழுந்தார். "போன வாரம் பீஸ் கணக்குல நாற்பது கூட்டி எழுதிட்டேன். நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்." 'வேலை போயிடாதாண்ணே?'ன்னு வெளியே வந்ததும் கேட்டேன். "போனா போகட்டும் தம்பி. தூக்கம் வரணும்ல?"

அண்ணனுக்குச் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு பக்கம். அங்கே கிறிஸ்தியான்பேட்டைன்னு ஒரு கிராமம் இருக்கு. அதை உருவாக்கிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், மிஷன் சம்பளம் வேண்டாம்னு சொல்லி ஊழியம் செய்தவர். 1860-ல் அங்கே ஓர் எழுப்புதல் தொடங்கியது. ஜனங்கள் கூட்டத்தில் அழுது, தங்கள் தப்பை வாய்விட்டுச் சொன்னார்கள். அது நெல்லைச் சீமையில் பரவி, திருவிதாங்கூரையும் தொட்டது.

எழுப்புதல்னாலே கொரியாவைத்தான் உதாரணம் காட்டுவாங்க. 1907-ல் பியாங்யாங் சபையிலும் இதேதான் நடந்தது. தப்பை ஒப்புக்கொண்டவர்கள், திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டா நம்ம கிராமம் 47 வருஷம் சீனியர்!

திங்கட்கிழமை அண்ணன் சொன்னபடி போய்ச் சொன்னார். காசைப் பிடிச்சுக்கிட்டாங்க, வேலை தப்பிச்சது.

நான்? வீட்டில் மறைத்திருந்த ரெண்டு அரியரை அன்னிக்கு ராத்திரியே அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். நல்லா திட்டு வாங்கினேன். நல்லா தூங்கினேன்!