ஸ்கோப் வாங்கப் போகும் மருமகனுக்கு

மருமகனே, நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 6–24 × 50. முழங்கை நீளக் குழாய், மேலேயும் பக்கவாட்டிலும் திருகுக் குமிழ்கள், விலையும் நீ ஒதுக்கிய பணத்துக்குள். அரை கிலோமீட்டர் தள்ளி இரும்புத் தகட்டை மாட்டிச் சுடுகிறவனுக்கு அது உதவும். உனக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பிறகு உன் இஷ்டம்.

முதலில் தூரத்தை அள. மரச்சீனி விளையில் நீ நிற்கப்போகும் இடத்திலிருந்து பன்றி வந்து கிளறும் மூலை வரை காலடி வைத்து எண்ணு. நம் அதியன்னூர், பாறசாலைப் பக்கம் யாருடைய விளையும் பஞ்சாப் கோதுமை வயல் இல்லை. இருபது சென்ட், ஐம்பது சென்ட், நடுவில் ஒரு பலா, நாலு தென்னை, அப்பால் அடுத்தவன் கய்யாலை. 25 மீட்டர், 30 மீட்டர், மிஞ்சினால் 40. ரப்பர் வரிசைக்கு நடுவே நேராகப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தத் தூரத்தில் ஆறு மடங்கே அதிகம், உன் ஸ்கோப் அதற்குக் கீழே இறங்கவும் இறங்காது. 24 மடங்கில் வைத்தால் கண்ணாடி நிறையப் பன்றி மயிர்தான் தெரியும். தலை எந்தப் பக்கம், பின்னால் வேறு என்ன நிற்கிறது என்பதெல்லாம் தெரியாது.

அத்தானிடமிருந்து உன் பேருக்கு மாறிவந்தவை இரண்டு. ஒன்று 12 போர் இரட்டைக்குழல், மற்றது .315 ரைஃபிள். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு ஓர் ஆள் வைத்துக்கொள்ளக்கூடியதும் இரண்டுதான், அதனால் மூன்றாவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். 12 போருக்கு ஸ்கோப் என்றால் காசைக் கரியாக்காதே. அதன் குழலுக்குள் வரிப்பள்ளம் கிடையாது. எல்.ஜி., எஸ்.ஜி. தோட்டாவின் ஈய உருண்டைகள் குழலை விட்டதுமே பரவத் தொடங்கிவிடும், முப்பது நாற்பது மீட்டருக்குமேல் அவை எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பரவிப் போகும் குண்டுக்குத் துல்லியமான குறுக்குக்கோடு எதற்கு? குழல்மேல் இறுக்கமாகப் பூட்டிய நல்ல டார்ச் போதும். ருத்ரபிரயாகையில் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926-இல் சுட்டது ராத்திரியில், ரைஃபிளில் பொருத்திய டார்ச் வெளிச்சத்தில்தான். நம் தெற்குக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனும் தன் .405 வின்செஸ்டரில் டார்ச்சைத்தான் பூட்டியிருந்தார். அவர்கள் காலத்தில் தொலைநோக்கிக் குறி இல்லாமலில்லை. கிட்டத்து இருட்டுக்கு வெளிச்சம்தான் வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆகப் பேச்சு .315-ஐப் பற்றித்தான். அதற்கு முன்னால் தாள் விஷயம். நீ வேட்டைக்குப் போகவில்லை என்பதை மனதில் எழுதிக்கொள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்த நாட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. பன்றி இப்போது அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட மிருகத்தைக் கொல்ல 11-ஆம் பிரிவின்கீழ் உத்தரவு தரலாம், அவ்வளவுதான். பன்றியைத் தீங்குயிராக அறிவிக்கக் கேரளம் கேட்டும் மத்திய அரசு ஒப்பவில்லை. 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களையே கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடலாம் என்றது. விஷம், வெடி, மின்வேலி மூன்றும் கூடாது. வெடி ஏன் கூடாது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் சினையானை ஒன்று தீனியில் பொதிந்த வெடியைக் கடித்து, வாய் சிதறி, ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. சுட்ட பன்றியின் இறைச்சியையும் தொடக்கூடாது, அதிகாரிகள் சொன்னபடி புதைக்க வேண்டும். சட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு உன்னோடு வரும் கூட்டாளியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

நம் பக்கத்துக்கு என்றே இன்னொரு சங்கடம் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பன்றிக்கு அந்தக் கோடு தெரியாது. வெள்ளறடைப் பக்கம் மரச்சீனி கிளறுவதை விரட்டினால் களியல் பக்கம் ஓடும். உன் கையிலுள்ள பஞ்சாயத்து உத்தரவு கூடவே ஓடாது. அங்கே 2025 ஜனவரியில் சொன்ன முறையே வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவது, 3-க்கு அப்பால் வனத்துறையே சுடும். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் உன் உரிமப் புத்தகத்திலேயே இருக்கும், எடுத்துப் பார். ஸ்கோப் பூட்டுவதற்கு முன்பும் உரிமம் தந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

இனி கண்ணாடி. பெட்டிமேல் இருக்கும் எண்ணில் முதலாவது பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பார். கிடைப்பது கண்பக்கத்துக் கண்ணாடியிலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 24 மடங்கு வைத்தால் வட்டம் 2 மில்லிமீட்டர். இருட்டில் உன் வயசுக்காரன் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், என் வயசில் 5 விரிந்தால் பெரிது. 7 மில்லிமீட்டர் வாசலைத் திறந்துவைத்து 2 மில்லிமீட்டர் ஒளியை உள்ளே விட்டால் என்ன தெரியும்? 4 × 32-இல் வட்டம் 8 மில்லிமீட்டர். உன் கண் கொள்ளும் வெளிச்சம் முழுவதும் வந்துவிடும், தலை சற்றே அசைந்தாலும் படம் கறுத்துப்போகாது. 3–9 × 40 வாங்கினாலும் நீ பயன்படுத்தப்போவது 3, 4 மட்டும்தான். லென்ஸை நகர்த்தும் பொறிக்கும் சேர்த்துக் கொடுக்கும் காசு வீண். ஒரே விலையில் பெருக்கம் மாறுவது ஒன்று, மாறாதது ஒன்று என்று இரண்டு கிடந்தால், மாறாததில்தான் கண்ணாடி நன்றாக இருக்கும். மலிவு விலைக்குள் இந்தக் கணக்கு தப்பாது.

பூச்சைப் பார். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போயிற்று. எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கடைக்காரரிடம் கேள். ‘கோட்டிங் உண்டு’ என்று மட்டும் அவர் சொன்னால் ஏதோ ஒரு பரப்பில் உண்டு என்றுதான் அர்த்தம். லென்ஸ் சிவப்பாக மின்னுவது கண்டு மயங்காதே. கடையில் குழல் விளக்கடியில் எல்லாக் கண்ணாடியும் ஒன்றுபோல் தெரியும். மாலை ஆறரைக்குப் போ. வாசலில் நின்று, தெருவுக்கு எதிரே நிழலில் கிடக்கும் பலகையின் எழுத்தைப் படி. இரண்டு ஸ்கோப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உனக்கே தெரியும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே விடவேண்டிய தூரம் மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் தொடாதே. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அந்த விளிம்பு புருவத்தில் அரைவட்டமாக வெட்டும். அப்படித் தழும்பு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லோருக்கும் ஒரே இடம்தான். பாராலாக்ஸ், கண் விலகினால் குறி பிசகும் என்று உன் கூட்டாளி பயமுறுத்தினால் விட்டுவிடு. 100 கெஜத்துக்கு அமைத்த 40 மில்லிமீட்டர் லென்ஸில், 25 கெஜத்தில் கண் எவ்வளவு கோணலாக வைத்தாலும் பிசகு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். பன்றியின் நெஞ்சு அதைவிடப் பெரிது.

பணத்தை எப்படிப் பிரிப்பது? 20,000 கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள். இருபதையும் ஸ்கோப்பில் போடுகிறவன் பிறகு மவுண்டுக்கு ஏதோ அலுமினிய வளையத்தை மாட்டுவான். நாலு குண்டுக்குள் அது நழுவும், அவன் கண்ணாடியைத் திட்டுவான். .315 பழைய லீ-என்ஃபீல்டு வழியில் வந்த துப்பாக்கி. ஸ்கோப் பூட்டுவதற்கென்று செய்ததல்ல, தளம் வைத்துத்தான் பொருத்த வேண்டும். அந்த வேலையை உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுக்காரர்தான் செய்யலாம். லேத்துப் பட்டறையில் கொண்டு கொடுத்துவிடாதே. மவுண்டுக்கும் கூலிக்கும் தாராளமாக ஒதுக்கு. தோட்டாவுக்கு ஒதுக்கு, டார்ச்சுக்கு ஒதுக்கு. மிச்சம் பாதி நின்றால் அதுதான் ஸ்கோப்பின் விலை.

தோட்டா எதற்கு என்றால், குறி சேர்ப்பதற்கு. குமிழைத் திருப்பும் ஒரு க்ளிக் என்பது பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ., அது கோண அளவு. 100 கெஜத்தில் ஓர் எம்.ஓ.ஏ. ஏறக்குறைய ஓர் அங்குலம். 25 கெஜத்தில் அதே அங்குலம் நகர 16 க்ளிக் திருப்ப வேண்டும். ஒரு குண்டு போட்டுவிட்டு மேலே 16 திருப்பு, ஒன்று போடு. வலது 16, ஒன்று. கீழே 16, ஒன்று. இடது 16, ஒன்று. கடைசிக் குண்டு முதல் குண்டின் பக்கத்தில் போய் விழுந்தால் ஸ்கோப் யோக்கியமானது. நாலு அங்குலம் தள்ளி விழுந்தால், விலை எதுவானாலும் திருப்பிக் கொடு. இதை விளையில் நின்று செய்ய முடியாது. ரைஃபிள் கிளப்பில் கேட்டு, முறையான சுடுதளத்தில் செய்.

நம் ஊர் மழை வெளியூர்க் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. இடவப்பாதி தொடங்கினால் சுவரே வியர்க்கும். தோலுறையில் போட்டு அலமாரியில் வைத்த கண்ணாடியில் ஒரே பருவத்தில் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஓரத்தில் சிலந்தி இழை மாதிரி ஒரு கோடு, பிறகு அது கிளைவிடும். லென்ஸ் பூச்சையே அது தின்றுவிடும், துடைத்தால் போகாது. நைட்ரஜன் நிரப்பி அடைத்த குழாய் உள்ளே ஆவி படியாமல் காக்கும், வெளிக் கண்ணாடியை நீதான் காக்க வேண்டும். மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். வாரம் ஒருமுறை வெயிலடிக்கும் நேரத்தில் திறந்து பார்.

உன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. அவனும் ஏர்கன் கேட்கிறான் என்று அக்கா சொன்னாள். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கையும் புறாவையும் சுடலாம் என்று ஆகிவிடாது. அதுவும் வேட்டைதான். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் எழுதியிருக்கிறது. ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னும் உதைக்கும், சாதாரண ஸ்கோப் அதில் சீக்கிரம் உதிர்ந்துபோகும். சுட வேண்டும் என்ற ஆசைதான் அவனுக்கு என்றால் வட்டியூர்க்காவில் சுடுதளம் இருக்கிறது, 2015 தேசிய விளையாட்டின் துப்பாக்கிச் சுடுதல் அங்கே நடந்தது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அங்கே அனுமதி இல்லை, சின்னத் துளை வழியாகத்தான் குறி பார்க்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடை ஏறியது அப்படிப்பட்ட துப்பாக்கியோடுதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்கோப் கைக்கு வந்ததும் எல்லோரும் அதை வைத்தே இருட்டைத் துழாவுவார்கள். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ குழலும் அங்கேதான் பார்க்கிறது. தேடுவதற்கு டார்ச் இருக்கிறது, வேண்டுமானால் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள். பன்றிதான் என்று தெரிந்தபிறகு, பின்னால் மண்திட்டு இருக்கிறது என்று பார்த்தபிறகு, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்று. குட்டிகளோடு நிற்கும் தள்ளையை விட்டுவிடு. நம் கிழக்கு ஊர்களில் பன்றி இறங்கும் நேரமும் ரப்பர் பால்வெட்டுக்காரர் இறங்கும் நேரமும் ஒன்றுதான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து மரத்துக்கு மரம் போவார்கள். பட்டையைப் பார்க்கக் குனியும்போது அந்த விளக்கு உன் பக்கம் தெரியாது, சருகு மிதிபடும் சத்தம்தான் கேட்கும். நாளைக்கே சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் போய், எந்தத் தோட்டத்தில் யார், எத்தனை மணிக்கு வெட்ட வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். நீ துப்பாக்கியோடு நிற்கப்போகும் ராத்திரியை அவர்களுக்கு முன்கூட்டிச் சொல். அதை முடித்துவிட்டுக் கடைக்குப் போ, 4 × 32 கேள்.