போவதா, இருப்பதா?

மயிலாப்பூர்க் குளக்கரையில் மாலை வேளையில் காற்று வாங்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்திற்குள் அமெரிக்கா வந்து சேர்ந்துவிடும். மாடவீதியில் விற்கும் கத்தரிக்காயின் விலையில் ஆரம்பித்த சம்பாஷணை, மகள் வீட்டு வாசலில் முழங்கால் அளவு பெய்திருக்கும் பனியில் போய் முடியும். வெயிலையும் மழையையும் தவிர வேறொன்றும் அறியாத இந்த ஊருக்குப் பனியைப் பற்றி இவ்வளவு விஷயம் எப்படித் தெரிந்தது என்று நேயர்கள் வியப்படைவார்கள்.

என்னிடம் படித்த ஒருவர் அண்மையில் யோசனை கேட்டு வந்தார். வயது முப்பது, தரமணியில் உத்தியோகம். பிட்ஸ்பர்க் நகரத்திலுள்ள கிளைக்குப் போகிறாயா என்று அவருடைய கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். தகப்பனார் இல்லை, மயிலாப்பூர் வீட்டில் தாயார் தனியே இருக்க வேண்டும். சம்பளம், வாடகை, வரி, விமானக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். “நாலே வருஷம், ஸார்! பிறகு திரும்பி வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்” என்றார். அந்தத் தாளிலிருந்த கணக்குகளில் எனக்கு ஐயம் எழுப்பியது இந்த நாலு வருஷம் ஒன்றுதான்.

அவர் பிறந்து வளர்ந்த பேட்டையிலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மயிலாப்பூர் ‘சந்திர விலாஸ்’ வீட்டுப் பிள்ளை ஒருவர், மாகாணக் கல்லூரியில் படிப்பை முடித்துக்கொண்டு, மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தாயார் சீதாலட்சுமி அப்போது நோய்ப்படுக்கையில் இருந்தார். மகன் தயங்கியபோது, போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்த அம்மாளே. மறு வருஷம் அவர் காலமானார். மகன் அருகில் இல்லை. 1936-இல் ஊருக்கு வந்து லலிதாவை மணந்துகொண்ட அந்த இளைஞர், 1937-இல் அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1953-இல் அந்நாட்டுப் பிரஜையானார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். 1995-இல் சிக்காகோவில் காலமானார். அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். படிக்கப் போன பிரயாணம் ஓர் ஆயுட்காலமாக நீண்டுவிட்டது! இதில் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும், திரும்பும் தேதியைப் போகிறவர் ஒருவரே குறித்துவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு வருவோம். ரங்கநாதன் தெருவில் பெரிய பெட்டிகளும், கம்பளிச் சட்டைகளும், அப்பளக் கட்டுகளும் வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர் விமானமேறப் போகிறவர்கள். இந்த நகரமே 1920-களில் ஏரி நிலத்தில் எழுந்ததுதான். தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கிராமத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். அவர்களும் ‘சில வருஷம்’ என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பார்கள் அல்லவா?

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஜெமினி மேம்பாலத்தின் பக்கத்தில், 1969 முதல் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்து வருகிறது. அந்தத் தேசத்தின் கதவு நம்மவர்களுக்கு எப்போதும் ஒரே மாதிரி திறந்திருந்ததில்லை. 1917-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியர் குடியேறுவதைத் தடுத்தது. 1946-இல் வருஷத்துக்கு 100 பேர் வரலாம் என்றார்கள். 1965-ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பிறகே வழி விசாலமாயிற்று. வேலைக்குப் போகிறவர்களில் பலர் பெறும் எச்-1பி அனுமதி மூன்று வருஷத்துக்கு, நீட்டித்தால் ஆறு. நிரந்தர வாசத்துக்கோ, எந்தத் தேசத்தில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் இல்லை என்ற வரம்பினால், நம்மவர்கள் பல வருஷம் காத்துக் கிடக்கிறார்கள். 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஓர் உத்தரவு பிறந்தது. ஆகவே, அங்கே தங்குவதும் நம் கையில் முழுவதும் இல்லை.

பிட்ஸ்பர்க் எப்படிப்பட்ட ஊர்? மூன்று நதிகளும் குன்றுகளும் உள்ள எஃகு நகரம். 1950-இல் ஆறே முக்கால் லட்சம் ஜனங்கள் இருந்த அவ்வூரில் 2020-இல் மூன்று லட்சம் பேரே இருந்தார்கள். எஃகு ஆலைகள் மூடப்பட்டபோது அவ்வூர்ப் பிள்ளைகளும் பெற்றோரை விட்டுப் பிழைப்புத் தேடிப் போனார்கள். பிறந்த ஊரைப் பிரியும் துயரம் நமக்கு மட்டும் உரிய சொத்து அல்ல! 1970-களில் நம்மவர்கள் அங்கே ஒரு குன்றின்மேல் வேங்கடேசுவரர் ஆலயம் எழுப்பினார்கள். பக்கத்து மாகாணத்திலுள்ள கிளீவ்லண்டில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்து வருகிறது. கோயிலுக்கும் கச்சேரிக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் அங்கே காலை எட்டு மணி அடிக்கும்போது இங்கே மாலை ஐந்தரை; குளிர்காலத்தில் ஆறரை. தாயாருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதைக் கோயிலும் கச்சேரியும் தீர்த்து வைக்கமாட்டா.

எதிர்த் திசையில் வந்தவர் ஒருவரையும் நினைக்க வேண்டும். 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட், 1882-இல் அடையாற்றுக்கு வந்து, 1907-இல் இங்கேயே காலமானார். ஒடுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்காக அவர் 1894-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. வந்த ஊரை அவர் தற்காலிக விடுதியாக எண்ணியிருந்தால் அந்தப் பள்ளி எழுந்திருக்குமா?

ஆகவே நான் சொன்ன யோசனை இதுதான்: “கணக்குத் தாளிலிருந்து நாலு வருஷத்தை அடித்துவிடு. திரும்ப முடியாமலே போகலாம் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் போகச் சம்மதமா என்று உன்னைக் கேட்டுக்கொள். பிறகு அதே கேள்வியைத் தாயாரிடம் கேள். அவர் முன்பு சம்மதித்தது நாலு வருஷத்துக்குத்தான்.”

போகிறவர்களைத் தேசத்தை மறந்தவர்கள் என்று ஏசுவதும், இருப்பவர்களைத் துணிவற்றவர்கள் என்று இகழ்வதும் நியாயமல்ல. நிச்சயமில்லாத ஒரு தேதியைக் காட்டிப் பெற்றவர்களின் சம்மதத்தை வாங்காமல் இருந்தால், போனாலும் குற்றமில்லை, இருந்தாலும் குறைவில்லை.