எர்ணாவூர் கரையில் ஒரு பையன்

விம்கோ நகர், எர்ணாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2017 ஜனவரி கடைசியில் அடித்த அந்த எண்ணெய் வாடை மறந்திருக்காது. 28ஆம் தேதி விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் கொட்டியிருந்த கற்களுக்கு நடுவே வந்து தங்கிவிட்டது. தார் மாதிரி கெட்டி. உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தும் சரிப்படவில்லை. கடைசியில் வாளிதான். மீனவர்கள், கடலோரக் காவல் படையினர், தீயணைப்பு வீரர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். அவ்வளவு பெரிய கப்பல்கள் வந்துபோகிற துறைமுகத்தின் பக்கத்தில் நம்மிடம் இருந்தது பிளாஸ்டிக் வாளி!

அந்த வரிசையில் எங்கள் பின் போர்ஷன் பையனும் நின்றான். கல்லூரியில் முதல் வருடம். 18 வயது அப்போதுதான் முடிந்திருந்தது. அவன் அப்பா வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிற குடும்ப நல நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனு போட்டிருந்தார்கள். மனு போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்கிறது சட்டம். மனம் மாறினாலும் மாறலாம் என்று கொடுக்கிற தவணை. பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பான்.

வயது வந்துவிட்டதால் அவன் யாரிடம் இருப்பது என்ற கேள்வியே கோர்ட்டில் எழவில்லை. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான்: "சின்னப் பையனா இருந்திருந்தா ஜட்ஜாவது கூப்பிட்டுக் கேட்டிருப்பாரு தாத்தா."

எனக்குப் பதில் வரவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் கூட்டிப்போனார்கள் என்று முதல் நாள் போனான். மறுநாள் தானாகவே கிளம்பினான். ஆரம்பத்தில் பலருக்குக் கையுறைகூடக் கிடையாது. "வெறுங்கையால இதைத் தொடாதேடா, விஷம்" என்று கத்தினேன். "நாளைக்கும் வருவியான்னு கரையில ஒரு அண்ணன் கேட்டாரு தாத்தா. வரேன்னு சொல்லிட்டேன்" என்றான். முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்படியும் சாயங்காலம் முழங்கை வரை கறுப்பாகத்தான் வருவான். சோப்புக்குப் போகாது. பின்பக்கக் குழாயடியில் அவன் அம்மா தேங்காய் எண்ணெய் ஊற்றி ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிடுவார். மாதக்கணக்காக அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதே அபூர்வம். இப்போது கை சுத்தமாகிற வரைக்கும் இருவரும் உட்கார்ந்தாக வேண்டுமே! கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமை, கல்லில் வழுக்கி விழுந்த சிநேகிதன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். ஒருநாள் அந்த அம்மா சிரித்த சத்தம் கேட்டது. பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வருடமே தீர்ப்பும் வந்துவிட்டது. எண்ணெய் அள்ளியதால் குடும்பம் ஒட்டிவிடவில்லை. அன்றைக்கு நன்றாக அழுதான். ஒரு வாரம் கழித்து அப்பாவுக்கு அவனே போன் செய்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக மறுபடியும் எண்ணெய் வந்து, எர்ணாவூரில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. பையனுக்கு இப்போது ஒரகடத்தில் வேலை, அங்கேயே ரூம். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு பெட்டி கையுறையோடு வந்து நின்றான்.

"தாத்தா, வாளி இருக்கா?"

இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.