எல்லையோரம் – 3: ஒரு வார ஊழியம்

பாலக்காட்டு எல்லையிலிருந்து இடுக்கி எல்லைக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறுவதுதான் சுருக்கு. கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி, உடுமலை. அங்கிருந்து சின்னார், மறையூர், மூணாறு. கேரளத்துக்குள்ளேயேதான் போவேன் என்பவர் திருச்சூரையும் கோதமங்கலத்தையும் சுற்றி அடிமாலி வழியாக மலையேற வேண்டும். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. ஆட்கள் போய்வரும் தடம் அதற்கெல்லாம் மூத்தது. இரு எல்லைகளிலும் தமிழில் ஆராதனை நடத்தும் சபைகள் உயிர்ப்போடு இருப்பது அந்தத் தடத்தால்தான். கோடை விடுமுறையில் வேன் பிடித்து ‘ஊழியத்துக்கு’ வரும் வாலிபர் குழுக்களும் அதே வழியாகத்தான் வருகின்றன. அவர்கள் வரவே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். வந்தால் உள்ளூர்ச் சபைக்கு வேலையாளாக வர வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி தங்கள் சொந்த ஊரிலேயே கிடக்கிறது என்று தெரிந்தும் வர வேண்டும். இதுதான் என் கட்சி.

மூணாற்றின் கார்மேல் மாதா ஆலயம் 1898-ல் ஸ்பானியக் கார்மேல் துறவி ஒருவர் தொடங்கியது. 2024-ல் பசிலிக்காவாக உயர்ந்தது. சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கோ கல்லறைதான் முதலில் வந்தது. 1894-ல் காலராவில் இறந்த எலினர் நைட் என்ற இளம் துரைசானியைக் குன்றின் மேல் அடக்கம் செய்தார்கள். 1910-ல் அதன் கீழே அஸ்திவாரம் போட்டு, மறுவருடம் கல் கட்டடத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். கட்டியது துரைமார். அவர்கள் கப்பலேறிப் போன பின் அங்கே பெஞ்சுகளை நிரப்பி வருகிறவர்களில் பலர், திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கங்காணி கூட்டிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பாலக்காட்டுப் பக்கம் இந்தத் தமிழ்த் தொடர்பு இன்னும் வெளிப்படை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரையும் உள்ளடக்கி 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. முதல் ஆயராக வந்த அந்தோணிசாமி பீட்டர் அபீர் தமிழ்நாட்டுக்காரர். ஆக, சுவிசேஷம் இங்கே புதுச்சரக்கு இல்லை. கைப்பிரதியும் ஒலிபெருக்கியுமாக தோட்ட லயத்து வாசலில் வந்து இறங்கும் குழு, தன்னைவிட மூத்த சபைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொண்டிருக்கிறது.

வெளியாள் வராமலா இங்கே சபை முளைத்தது என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். மிஷனெரி ஹென்றி பேக்கர் வெளியாள்தான். ஆனால் 1840-களின் இறுதியில் மலை அரையர் பழங்குடித் தலைவர்கள் தாங்களே இறங்கிவந்து, எங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே அவர் மலைக்குப் போனார். 1878-ல் சாகும்வரை அந்த மக்களின் உறவை விடவில்லை. அழைப்பும் இருப்பும் சேர்ந்தே அந்த ஊழியம். ஒரு வாரக் குழுவால் இருக்க முடியாது. அழைப்புக்காவது காத்திருக்கலாம் அல்லவா? அதிலும் ஆதிவாசிக் குடிகளுக்குப் போகிறோம் என்று கிளம்புவோர் கட்டாயம் யோசிக்க வேண்டும். முதுவர் வாழும் இடமலைக்குடிக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். குழு மலையிறங்கிய பிறகு அது கிளப்பிவிட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறவர்கள் உள்ளூர்ப் போதகரும் உபதேசியாரும்தான்.

காலத்தையும் பார்க்க வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். கோடைமழைக்குக் கொழுந்து தளிர்த்துக் குவிவதும் அப்போதே. நிர்ணய அளவுக்கு மேல் பறிக்கிற கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. அந்த நாட்களில் விருந்தாளிகளுக்குச் சோறாக்க ஒரு பெண் வீட்டில் நின்றால், அந்தக் காசு போயிற்று. நம் சபைகளில் விருந்தோம்பலுக்கு யாரும் கணக்கெழுதுவதில்லை என்பதால் இது கண்ணில் படுவதும் இல்லை. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்காக 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு மூணாற்று ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் இவர்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் என்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைய ஒரு ஆள் என்பார்கள். 1950-க்குப் பின் மலையேறிய குடும்பங்களுக்கு அந்தச் சான்றிதழ் பெரும்பாடு. தலித் கிறிஸ்தவருக்கோ 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையே பட்டியல் சாதிக் கதவை அடைத்துவிட்டது.

அப்படியானால் வேன் வாடகையைப் பணமாக அனுப்பிவிடலாமே என்று சிக்கனக்காரர்கள் சொல்வதுண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா, 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டாரிடம் கேட்டது நட்பை. கொடுப்பவர் தள்ளியே நின்றால் பணம் எத்தனை வந்தாலும் மேல்கீழ் மாறாது என்பது அவருக்குத் தெரியும். உள்ளூர்ச் சபைக்குக் கீழே போனால் அங்குள்ள சாதியும் சபை அரசியலும் நம்மையும் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு ஆட்சேபணை. உண்மைதான், பிடித்துக்கொள்ளும். அவை இல்லாத சபையிலிருந்து வேன் ஏறியவர் யாரோ?

நட்பு என்றால் போக்குவரத்து இருபக்கமும் வேண்டும். தோட்டத்தில் ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்தாக வேண்டும். நாற்பது வருடம் பாடகர் குழுவில் நின்றவரும் சபைக் கமிட்டியில் இருந்தவரும் பெட்டி கட்டிக்கொண்டு, பாட்டன் விட்டுவந்த ஊருக்கு இறங்குகிறார்கள். அங்கே அவர்கள் அந்நியர். 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடி மண்சரிவில் 70 பேர் மாண்டபோது, அவர்களில் பலரின் பூர்வீகமான தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறில் வீட்டுக்கு வீடு அழுகை எழுந்தது. சாவு வந்தால் ஒரே குடும்பமாகத் தெரிகிற இரண்டு ஊர்கள், ஓய்வுக்காலத்தில் ஒன்றையொன்று அறியாமல் போவதுதான் எனக்கு விளங்கவில்லை. மே மாதத்தில் வந்து இறங்கும் குழுவிடம் மலைச்சபைப் போதகர் முதலில் ஒரு பட்டியலைக் கொடுக்கட்டும்: அந்த வருடம் லயத்தைக் காலி செய்யப்போகிறவர்கள் யார், எந்த ஊருக்கு இறங்குகிறார்கள், அங்கே வாடகை வீடும் ரேஷன் அட்டையும் வாங்க யார் கூட வர வேண்டும் என்று.